தேயிலைத் தூரடியில் கிடைத்த பிள்ளை

“அக்கா, உன்ன யாரும் பெக்கல லா! தேயிலைத் தூருல கெடந்த, அப்பா தூக்கிட்டு வந்துட்டாரு!”

குணாளன் இன்றும் தொடங்கிவிட்டான். உஷாவோ வழக்கம்போல் வாய்திறவாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியான அவர்களின் அப்பா சிவனேஸ்வரனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. தத்தெடுத்த செய்தியைப் பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்ல அவரும் ஒரு வாரமாக முயல்கிறார். வாயெடுக்கும்போதெல்லாம் இந்தப் பாழாய்ப்போன கேலி குறுக்கே வந்து விழுகிறது. நாளைக் காலை தானா ராத்தா நகரத்துப் பதிவு அலுவலகத்தில் பிள்ளையின் அடையாள அட்டைக்குப் பதிய வேண்டும். பிறப்புப் பத்திரத்தைப் பிள்ளை பார்த்துவிட்டால் எல்லாம் வெளிப்பட்டுவிடும்.

“டேய், வாய மூடிட்டுக் கடைக்குப் போயி சீனி வாங்கிட்டு வாடா!”

அவன் சிரித்துக்கொண்டே ஓடினான். அவர் மகளிடம் பாய்ந்தார்.

“ஏம்மா, இவ்வளவு பேசறான்! நீ ஒரு வார்த்த திருப்பிச் சொன்னா என்ன?”

“அவன் சொல்றது கேலிப்பா. நான் திருப்பிச் சொன்னா அது உண்மையாயிரும்.”

சிவனேஸ்வரன் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“அவனத் தத்தெடுத்துத் தூக்கிட்டு வந்த அன்னிக்கு எனக்கு நாலு வயசுப்பா, மறக்குமா? இன்னிக்கே சொல்லிருங்க. நானும் பக்கத்துல உக்காந்துக்கறேன்.”