பாதிப் பலகை

"அவன் வாசல்ல போய் நிக்கிறதுக்குக் காவிரியில குதிச்சிடலாம்," என்றார் தங்கையன். கையில் பூவரசங்கட்டை. அதைச் செதுக்கிய வேகத்தில் குதிரைக்கு ஒரு காது போயே போய்விட்டது.

அவன் என்றது உறையூரில் இருக்கும் சொந்த அண்ணன் அடைக்கலத்தை. அப்பா கண்ணை மூடிய கையோடு பாகம் பிரித்தார்கள். நிலம், அண்டா, குத்துவிளக்கு எல்லாம் ஆளுக்குப் பாதியாகி, கடைசியில் அப்பாவின் சதுரங்கப் பெட்டி மிஞ்சியது. விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்கும் மனசில்லை. பஞ்சாயத்தார் தலையில் அடித்துக்கொண்டு, கறுப்புக் காய்கள் மூத்தவருக்கு, வெள்ளை இளையவருக்கு என்றார்கள். அடைக்கலம் அத்தோடு விட்டாரா? ஆசாரியைக் கூப்பிட்டு ஈட்டிமரப் பலகையையும் நடுவில் அறுக்கச் சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது.

விட்டுப்போன பாதியைத்தான் ஸ்ரீரங்கத்து வீட்டில் தங்கையன் இப்போது தானே செய்துகொண்டிருந்தார். பாதிப் பலகையோடு டீப்பெட்டிப் பலகை ஒன்றைச் சேர்த்து ஆணியடித்து, கரியால் கட்டம் போட்டாயிற்று. செதுக்கிய காய்களுக்கு விளக்கெண்ணெயில் புகைக்கரியைக் குழைத்துப் பூசினார். தொட்டால் விரலெல்லாம் மை. யானை எது, மந்திரி எது என்று அவருக்கே இரண்டு தடவை பார்த்தால்தான் தெரிந்தது. ஆனாலும் வீறாப்பு குறையவில்லை. அண்ணன் இல்லாவிட்டால் தனக்கு ஆட்டமே இல்லையா என்று கட்டையிடம் கேட்டுக்கொண்டே செதுக்கினார்.

மனைவி ரெங்கம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தை பிறந்தால் மகள் வள்ளிக்கண்ணுவுக்குக் கல்யாணம். பெரியப்பா வராமல் மணையில் உட்கார மாட்டேன் என்று அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். பெண்ணைப் பெற்றவர் தாம்பூலத் தட்டோடு நேரில் போய் அழைத்தால்தான் பெரியப்பா வருவார். அழையாத வீட்டில் கால் வைக்கிற ஆளா அவர்? இந்த மனுஷனோ உட்கார்ந்து பொம்மை செய்கிறார்.

"கட்டையச் செதுக்குற நேரத்துல உங்க மனசக் கொஞ்சம் செதுக்குங்க," என்று ரெங்கம்மாள் சீறினாள்.

அந்தச் சமயத்தில்தான் நஜிமுதீன் வந்து சைக்கிளை நிறுத்தினார். அண்ணன் தம்பி இருவருக்கும் சின்ன வயதுக் கூட்டாளி. கடை கடையாக மூக்குப்பொடி டப்பா போடுகிறவர். சண்டையை வாசலிலேயே கேட்டுவிட்டார்.

"என்னோட ஒரு ஆட்டம் போடு தங்கையா," என்றார். "நீ தோத்தா, தட்ட எடுத்துக்கிட்டு உங்கண்ணன் வீட்டுக்குப் போகணும். ஜெயிச்சா, இந்தப் பேச்சையே நான் எடுக்க மாட்டேன்."

தங்கையனுக்குச் சிரிப்பு வந்தது. நஜிமுதீனாவது, சதுரங்கமாவது! உள்ளங்கையில் ஓங்கி அடித்துச் சத்தியம் செய்தார்.

ஆட்டம் நினைத்த மாதிரி இல்லை. நஜிமுதீன் வருவார், ஒரு காயை நகர்த்துவார். தங்கையன் பதிலுக்கு நகர்த்தியதும், யோசித்துச் சொல்கிறேன் என்று சைக்கிளை எடுத்துவிடுவார். காலையில் ஒரு காய், சாயங்காலம் ஒரு காய். இது ஆட்டமா, தேர் இழுப்பா என்று தங்கையன் கத்துவார். கத்தலைவிடப் பயம் அதிகம். ஐப்பசி போய், கார்த்திகையும் போனது. அவருடைய மந்திரி வெட்டுப்பட்ட அன்று ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. ரெங்கம்மாள் மட்டும் ரங்கநாதருக்குத் துளசிமாலை வேண்டிக்கொண்டாள், புருஷன் தோற்க வேண்டும் என்று.

"யானைய மூலையிலயே பூட்டி வச்சு ஆடுறியே, எங்கண்ணன் புத்தி அப்படியே ஒட்டிக்கிச்சா ஒனக்கு?" என்று ஒருநாள் பொரிந்தார் தங்கையன். நஜிமுதீன் செருப்பை மாட்டிக்கொண்டார்.

மார்கழி நடுவில் ஒரு காலை. தங்கையன் வெள்ளை யானையை ஒரே தள்ளாகத் தள்ளினார். கறுப்பு ராஜாவுக்கு எந்தப் பக்கமும் வழியில்லை.

"முடிஞ்சுது. எவன் வாசலுக்கும் நான் போக மாட்டேன். இனிமே அவன் பேர இந்த வீட்டுல யாரும் எடுக்கக்கூடாது," என்று துண்டை உதறித் தோளில் போட்டார். உள்ளேயிருந்து வள்ளிக்கண்ணு விசும்புவது கேட்டது. ரெங்கம்மாள் கையிலிருந்த சொம்பை முற்றத்தில் விட்டெறிந்தாள்.

நஜிமுதீன் எழுந்தார். பலகையை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டார். சைக்கிளை மிதித்து, காவிரிப் பாலத்தைத் தாண்டி, நேரே உறையூருக்குப் போனார்.

அங்கே அடைக்கலம் காத்துக்கொண்டிருந்தார். முன்னால் பாதி ஈட்டியும் பாதி மாம்பலகையுமாக ஒரு சதுரங்கப் பலகை. இந்தப் பக்கம் அப்பாவின் கறுப்புக் காய்கள். அந்தப் பக்கம், முருங்கைக்கட்டையில் கோணல்மாணலாகச் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்த வெள்ளைக் காய்கள். நஜிமுதீன் வெள்ளை யானையை எடுத்து, ஸ்ரீரங்கத்தில் பார்த்துவிட்டு வந்த கட்டத்தில் வைத்தார்.

அடைக்கலத்தின் முகம் சிவந்தது. "மூக்குப்பொடி விக்கிறவனுக்கு இவ்வளவு மூளை எங்கேருந்துடா வந்துச்சு?" என்று பலகையை எட்டி உதைத்தார்.

"அது கெடக்கட்டும்ணே. தோத்தா, கூப்பிடாட்டியும் தம்பி வீட்டு வாசப்படி ஏறுறேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கீங்க," என்றார் நஜிமுதீன். "சட்டையப் போட்டுக்கிட்டு வாங்க, சைக்கிள்லயே போயிடலாம்."