சட்டென்று நின்ற கிட்டார்

"அந்தப் பாட்டை நிப்பாட்டு" என்று அடுப்படியிலிருந்து கத்தினாள் டோரின்.

கொட்டாஞ்சேனை வீட்டு ஹோலில் இருந்த மகன் டிலான் சத்தத்தைக் குறைக்கவில்லை. காலஞ்சென்ற அவனுடைய தந்தை கிட்டார் வாசித்த 'ரெட் அங்கர்ஸ்' ரொக் குழுவைப் பற்றிப் படமெடுக்க நாளை டிவிக்காரர்கள் வருகிறார்கள்.

"செத்த பிறகாவது டடியைப் பற்றி நல்லதாக் கதையுங்கோ மம்மி. ஊரே லெஜண்ட் எண்டு சொல்லுது."

"ஊருக்கு என்ன தெரியும்? எல்லாம் பொய்ப் பேர்."

"பொய்யோ? இந்த சோலோவைக் கேளுங்கோ. உச்சத்துக்குப் போன கிட்டார் சட்டெண்டு நிக்குது. பிறகு டிரம்ஸ் மட்டும்தான். இப்பிடி நிப்பாட்ட வேற எவனுக்குத் துணிச்சல் வரும்?"

டோரின் கரண்டியை எறிந்துவிட்டு ஹோலுக்கு வந்தாள்.

"துணிச்சல், மண்ணாங்கட்டி. அண்டைக்கு உன்ர டடி குடிவெறியில எழும்பேல்லை. ரெக்கோர்ட் பண்ண வந்தவங்கள் இந்த ஹோலிலதான் காத்துக்கொண்டு நிண்டாங்கள். நான்தான் கிட்டாரை எடுத்து வாசிச்சனான்."

டிலான் பாட்டை நிறுத்தினான்.

"பாதியில நீ பாலுக்கு வீரிட்டு அழுதாய். கிட்டாரைக் கீழ வச்சிட்டு உன்னைத் தூக்கினனான்."