வெளியே நின்ற கப்பல்

துறைமுகத்துக்கு வெளியே மூன்று நாளாக நின்ற எண்ணெய்க் கப்பலுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பக்கம் வந்த இழுவைப் படகை நிறுத்திக் கேட்டது:

"தம்பி, விலை ஏறிட்டதால என்னைத் திருப்பி அனுப்பப் போறாங்களா?"

"யாரு சொன்னா? விலை ஏறினா இந்த ஊர்ல திட்டுவாங்க, அக்கா. திட்டிக்கிட்டே வாங்குவாங்க."

"போன வருஷம் பாதி விலைக்கு வந்தேன். வந்த அன்னைக்கே உள்ளே கூப்பிட்டாங்களே!"

"போன வருஷம் மழை இல்ல, விளைச்சல் இல்ல, யார் கையிலயும் காசு இல்ல. உங்களைத் தவிர ஒரு கப்பலும் வரல. இந்த வருஷம் நல்ல விளைச்சல். வீட்டுக்கு வீடு புது பைக். அதோ நிக்குதே ஏழு கப்பல், எல்லாம் உங்களுக்கு முன்னாடி வரிசை!"

கப்பல் எண்ணிப் பார்த்தது. ஏழுதான். திரும்பிப் போகத் தூக்கியிருந்த நங்கூரத்தைத் தொப்பென்று மறுபடி கடலில் போட்டது.

"அவங்களை முடிச்சிட்டே வா, தம்பி. எனக்கென்ன அவசரம்?"