சிப்புக்கு ஏறுமுகம்

"ஒரு லட்சமா? உங்களுக்குமா? சார், சத்தியமா வெளியில மூச்சு விட மாட்டேன்!" என்று வாயைப் பொத்திக்கொண்டு போனில் பேசினார் மாப்பிள்ளை.

சோபாவில் இருந்த மாமனார் நுனிக்கு நகர்ந்து காதைத் தீட்டிக்கொண்டார். முப்பத்தைந்து வருஷம் லாரி ஓட்டியவர். முட்டி தேய்ந்துபோய், போன மாசம்தான் லாரியை விற்றார். அந்தப் பணத்தில்தான் இனி அவரும் மாமியாரும் காலம் தள்ள வேண்டும். அதை நம்பி ஒப்படைக்க வந்த இடத்தில், மாப்பிள்ளை இப்படித் திருட்டு முழி முழித்துக்கொண்டு லட்சக்கணக்கில் ரகசியம் பேசினால் எப்படி இருக்கும்?

போனை வைத்த மாப்பிள்ளை ஒரு குதி குதித்தார்.

"பயப்படாதீங்க மாமா. லட்சம் ரூபாய் இல்ல, லட்சம் சிப்! மூணாவது டீலரும் அதையேதான் சொல்றார்!"

மாப்பிள்ளைக்குப் பங்குத் தரகு ஆபீசில் வேலை. எந்தப் பங்கு ஏறும், எது இறங்கும் என்று எழுதித் தருவார். சொந்த வீட்டுக் குழாய் ஒரு வாரமாக ஒழுகுவது அவருக்குத் தெரியாது. ஆனால் உலகத்தில் சிப் விற்பனை போன மாசம் எத்தனை சதவீதம் கூடியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க மாப்பிள்ளை. நான் ஸ்டியரிங் பிடிச்ச ஆளு."

"நாலு மாசமா உலகம் பூரா சிப் விற்பனை ஏறிக்கிட்டே இருக்கு மாமா. நான் சொல்றது சின்ன கம்பெனி. மோட்டாரை ஓட்டற சிப் ஒண்ணே ஒண்ணுதான் பண்றாங்க. பம்பு, ஃபேன், லிஃப்ட்னு மோட்டார் இருக்கற எதுலயும் அதைப் போடலாம். இப்ப அதுக்கு ஒரே தட்டுப்பாடு. பேப்பர்ல வர்ற கணக்கை நம்பாம, அதை விக்கிற டீலர்களுக்கே போன் போட்டேன். மொத்தமே மூணு பேர்தான். மூணு பேருக்கும் இந்த மாசம் புதுசா ஒரு லட்சம் ஆர்டர். ஆக, மூணு லட்சம்!"

"அடேயப்பா! யாரு அவ்வளவு வாங்கறது?"

"பேரைச் சொல்ல மாட்டாங்க மாமா, தொழில் ரகசியம். ஆனா ஆளாளுக்கு மார் தட்டிக்கிறாங்க. 'அந்தப் பார்ட்டி என்னை விட்டா வேற எவன் வாசப்படியும் மிதிக்காது'ன்னு மூணு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க."

மாமனார் தாடையைச் சொறிந்தார். "மேடு ஏறின வண்டி பள்ளத்துல இறங்கித்தானே ஆகணும்?"

"இறங்கும், யார் இல்லேன்னாங்க? ஆனா அதுக்கு ரெண்டு வருஷம் இருக்கு. அதுக்குள்ள நாம வித்துட்டு வெளியில வந்துடலாம்."

கம்பெனி புது ஃபாக்டரி கட்டுவதற்காகக் கொஞ்சம் பங்குகளை விலை குறைத்துக் கொடுக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை, வாங்கினால் ஒரு வருஷத்துக்கு விற்கக் கூடாது. மூன்று மணிக்குக் கடைசி. கடிகாரத்தில் இரண்டே முக்கால்.

"எல்லாப் பணத்தையும் போடணுமா மாப்பிள்ளை? பாதி போட்டா ஆகாதா?"

"பெண்டாட்டி பேச்சைக் கேட்டுப் பாதி பாதியா போட்டவன் எவனும் பணக்காரன் ஆனதில்ல மாமா."

"ஆழம் தெரியாம காலை விடறோமோன்னு இருக்கு. என் பொண்ணுகிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டுடலாமே?"

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவளா? வாஷிங் மெஷின் கம்பெனிக்கு நட்டு போல்ட்டு வாங்கிப் போடறவளுக்கு ஷேரைப் பத்தி என்ன மாமா தெரியும்? காலையிலருந்து போனையே எடுக்கல. அவ எடுக்கறதுக்குள்ள மூணு மணி ஆயிடும்."

மாமனார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தலையாட்டினார். மாப்பிள்ளை பட்டனைத் தட்டினார். லாரி மொத்தமும், கடைசி டயர் வரைக்கும், பங்காக மாறியது. மாப்பிள்ளையே காபி போட்டுக் கொடுத்தார். அதில் சர்க்கரை இல்லை என்று சொல்ல மாமனாருக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் மகள் வந்தாள். கைப்பையை வீசிவிட்டு, "அப்பா! சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறீங்க!" என்று அவர் தோளைக் கட்டிக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன கண்ணு, இவ்வளவு குஷி?"

"ரெண்டு வாரமா உயிரை எடுத்த ஆபீஸ் தலைவலி ஒண்ணு இன்னைக்கு ஒழிஞ்சுதுப்பா. இனிமே நிம்மதியா தூங்குவேன்."

"எங்களுக்கும் இன்னைக்கு நல்ல நேரம்தான்" என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். சிப் விற்பனையில் தொடங்கி, தட்டுப்பாடு, டீலர்கள், ஒரு வருஷ நிபந்தனை, லாரிப் பணம் வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். "அடுத்த வருஷம் பாரு, உங்கப்பா ரெண்டு லாரி வாங்கி, ரெண்டு டிரைவர் வச்சு ஓட்டுவார்!"

மகளின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"எந்தக் கம்பெனி சிப்புங்க?"

மாப்பிள்ளை போனில் காட்டினார். அவள் இரண்டு தடவை படித்தாள்.

"மூணு டீலருக்கும் தனித்தனியா ஒரு லட்சமா?"

"பின்னே? நானே விசாரிச்சது. பொய்யா சொல்வேன்?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஒன்றும் புரியாமல் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த மூணு பார்ட்டியும் நான்தாங்க... யார் முந்திக் கொடுக்கறாங்களோன்னு அதே ஒரு லட்சத்தை மூணு பேர்கிட்டயும் சொல்லி வச்சேன். ஒருத்தர் சரக்கைக் கொடுத்துட்டார், மத்த ரெண்டு ஆர்டரையும் இப்ப கிளம்பும்போதுதான் கேன்சல் பண்ணிட்டு வர்றேன்!"