வெட்டியாச்சு

சலவைச் சட்டை, படிய வாரிய தலை. காலையிலேயே கொட்டகைக்கு வந்து நின்ற வெல்டரைப் பார்த்து அதிகாரி சிரித்தார்.

"என்ன, மாப்பிள்ளை மாதிரி வந்திருக்கீங்க?"

"இன்னிக்கு ஒண்ணே ஒண்ணை வெட்டினா போதும் சார். என் தம்பியைச் சுட்டதை."

அதிகாரியின் சிரிப்பு நின்றது.

பிடிபட்ட துப்பாக்கி, ஜனங்கள் தாமாக ஒப்படைத்த துப்பாக்கி, எல்லாம் இந்தக் கொட்டகைக்குத்தான் வரும். மூன்று வருடமாக அவற்றைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுவது வெல்டர்தான்.

இரண்டு வருடம் முன்பு, ஜனங்களை ஒப்படைக்கச் சொன்னபோது முதல் ஆளாகப் போய் ஒப்படைத்தவரும் அவர்தான். அப்பா விட்டுப்போன கைத்துப்பாக்கி. பிடி விரிசல் விட்டு, செம்புக் கம்பி சுற்றியது. தம்பிக்கு மூக்கு நுனியில் கோபம், வீட்டில் அது இருக்க வேண்டாம் என்று பயந்தார். கடைசியில் போன வருடம் தெருச்சண்டையில் எவனோ சுட்டு, தம்பி போய்ச் சேர்ந்தான்.

அப்பாவுடையதும் ஏதோ ஒரு மூட்டையில் வந்து வெட்டுப்பட்டிருக்கும். அந்தப் புகையில் எது யாருடையது என்று யார் கண்டார்கள்?

"வழக்கம்போல கையெழுத்தைப் போட்டுடுங்க. நம்பரை நான் அப்புறமா எழுதிக்கிறேன்." அதிகாரி பதிவேட்டின் வெற்றுப் பக்கத்தை நீட்டினார். வெல்டர் மளமளவென்று போட்டார்.

போலீஸ்காரர் ஒரு துணிப்பொட்டலத்தோடு வந்தார். "கேஸ் முடிஞ்சுது. உங்க கையாலயே வெட்டணும்னு கேட்டீங்களாமே?"

"ஆமாங்க. இதால இன்னொரு வீட்ல எழவு விழக் கூடாது. அம்மாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."

வெல்டர் பொட்டலத்தைப் பிரித்தார். பிடியில் விரிசல். விரிசலின் மேல் செம்புக் கம்பி, ஏழு சுற்று. அவர் கையால் சுற்றியது.

வெல்டர் கம்பியை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது... எங்க அப்பாவோடதுங்க. ரெண்டு வருஷம் முன்னாடியே இங்க ஒப்படைச்சிட்டேன்."

அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போலீஸ்காரர் பழைய பதிவேட்டைப் புரட்டி, துப்பாக்கியின் நம்பரைத் தேடிப் பிடித்தார்.

"வெட்டியாச்சுன்னுல்ல போட்டிருக்கு?" அவர் விரல் பக்கத்தின் அடிக்கு இறங்கி நின்றது.

"இது உங்க கையெழுத்துதானே?"