சத்தம் போடாத கார்

ஜெயசீலன் வீட்டு போர்டிகோவில் பன்னிரண்டு வருஷமாக நின்ற ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு, பழைய சொகுசுக் கார் ஒன்று வந்து நின்றது. மூன்று கை மாறிய வண்டி என்றாலும் மினுமினுப்புக்குக் குறைச்சலில்லை.

நாலாம் நாளே, எஞ்சின் ஆயில் குறைந்துவிட்டதென்று டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணை உறுத்துகிறதென்று ஜெயசீலன் அதன்மேல் ஒரு மாதா ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்.

ஸ்கூட்டருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா மகாராணி, வாயைத் திறந்து கத்தேன்!"

"நாங்கள்லாம் சத்தம் போட்டுப் பழகினவங்க இல்ல. விளக்கைக் காட்டினேன், அவரா புரிஞ்சுக்கணும்," என்றது கார்.

"அவரா? பொண்டாட்டி இருமினா டிவி சத்தத்தைக் கூட்டுற மனுஷன்! நாளைக்கு உன்னைத் திருச்சிக்கு ஓட்டப்போறார். பாதி வழியில எஞ்சின் இறுகிடும். அப்புறம் உன்னைக் கிலோ கணக்குலதான் எடைக்குப் போடுவாங்க."

அன்று ராத்திரி முழுக்க அந்தக் கிலோ கணக்கையே நினைத்துக்கொண்டிருந்தது கார்.

மறுநாள் காலை ஜெயசீலன் சாவியைத் திருப்பியதும், அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த சத்தத்தையெல்லாம் கார் அவிழ்த்துவிட்டது. பித்தளை அண்டாவில் கருங்கல் ஜல்லியைக் கொட்டியது போல இருந்தது. எதிர்வீட்டு டாக்டரம்மா வாசலுக்கே வந்துவிட்டார். ஜெயசீலன் பதறிப்போய் வண்டியை அணைத்து, மெக்கானிக்கைக் கூட்டிவர ஸ்கூட்டரை உதைத்தார்.

"மானம் போச்சு," என்று முனகியது கார்.

"போகட்டும். உயிர் இருக்கில்ல?" என்றபடி வாசல் கேட்டைத் தாண்டியது ஸ்கூட்டர்.

மெக்கானிக் வந்து ஆயில் ஊற்றி வண்டியைக் கிளப்பினான். இனி என்ன கூச்சம் என்று, தேய்ந்துபோன ஃபேன் பெல்ட்டுக்கும் குளிராத ஏசிக்கும் சேர்த்தே கத்தித் தீர்த்தது கார்.