சின்ன வைரஸ்

"அண்ணே, கம்ப்யூட்டர்ல மறுபடியும் அதே வியாதி. திரையில எதைத் தட்டினாலும் திறக்க மாட்டேங்குது."

தையற்காரி போனில் சொன்னதுமே கம்ப்யூட்டர் மெக்கானிக் நல்ல சட்டையாகப் பார்த்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தன் ரிப்பேர் கடைக்கு மேலே ஒற்றை அறையில்தான் அவர் வாசம். அங்கே அவருடைய பேச்சுக்குத் துணை மின்விசிறியின் முனகல் மட்டுமே. இந்த வீட்டிலோ நுழைந்தவுடன், "சாப்டீங்களா அண்ணே?" என்று ஒரு குரல் கேட்கும்.

"வாங்க டாக்டர்! நோயாளி பிழைக்குமா? இல்ல, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடவா?" என்றான் அவள் கணவன்.

புதுசு வந்துவிட்டால் இந்த வீட்டில் மெக்கானிக்குக்கு என்ன வேலை?

"அதெல்லாம் எதுக்கு மாப்ளே? சின்ன வைரஸ்தான்."

சொல்லிக்கொண்டே நாலு தட்டுத் தட்டினார். செத்துக் கிடந்த திரை உயிர் பெற்றது. கணவன் நிம்மதியாகக் குளிக்கப் போனான்.

தையற்காரி டீயை நீட்டியபடி குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, அது வைரஸ் இல்ல, ஸ்கிரீன்ஷாட். யாரோ திரையை அப்படியே படம் பிடிச்சு, நிஜத்தை மறைச்சு ஒட்டி வச்சிருந்தாங்க. மூலையில கடிகாரம் ஓடவே இல்ல. போன தடவை நீங்க இங்கிருந்து கிளம்பின நேரத்துலயே நின்னுச்சு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவர்கிட்ட நான் சொல்லல. ஆனா அளவுக் கணக்கெல்லாம் இதுலதான் இருக்கு, என் தையல் வேலை கெடுதுண்ணே. இனிமே அதை ஒண்ணும் பண்ணாம, சும்மாவே வாங்க."